டைமிங் செயின் தளர்ந்துவிட்டதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இசைவாகச் சுற்றவைப்பது டைமிங் செயின். அதன் விஷயத்தில் இரண்டு விதமாகக் காசு வீணாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி கேட்ட சத்தத்தை வைத்து "செயின் போச்சு" என்று முடிவு கட்டி, நன்றாக இருந்த செயினைக் கழற்றிப் போடுவது ஒன்று. "செயின் வண்டிக்கு ஆயுசுக்கும் செலவில்லை" என்ற பேச்சை நம்பி, மாதக்கணக்கில் கத்திய செயினை அப்படியே ஓட்டி, கடைசியில் வால்வும் பிஸ்டனும் மோதியபின் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவது இன்னொன்று. இரண்டையும் தவிர்க்கலாம்.

சத்தம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். கண்டுபிடிப்பதில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஸ்கேனரும் அளவும் வேண்டும். காதில் விழுந்ததை மட்டும் வைத்து என்ஜினைத் திறக்கக் கூடாது. ஸ்கேனர் காட்டிய ஒற்றை ஃபால்ட் கோடை, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழை எண்ணை மட்டும் வைத்தும் திறக்கக் கூடாது. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் ஸ்பானரை எடுக்கலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது செயின்தானா?

ரெனோ டஸ்டரின் 1.5 டீசல், பழைய இன்னோவாவின் 2.5 டீசல் இரண்டும் பல் வைத்த ரப்பர் பெல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பெல்ட் மாற்றும் கெடு உண்டு. இங்கே சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது. இன்னோவா கிரிஸ்டா டீசல், மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல், ஹூண்டாயின் 1.2 கப்பா பெட்ரோல் எல்லாம் செயின்.

தனியாகச் சொல்ல வேண்டியது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல், 1248 சிசி. மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட் என்ற பெயர்களில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, விஸ்டா, புன்டோ, லீனியா என்று நம் சாலைகளில் எங்கும் ஓடியது இந்த ஒரே என்ஜின்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததோடு மாருதி இதை நிறுத்திவிட்டது. அதனால் இப்போது ஓடுபவை எல்லாம் வயதான என்ஜின்கள். பல வண்டிகள் இரண்டாம், மூன்றாம் கை மாறியவை. முன்னாள் உரிமையாளர் எப்போது என்ன ஆயில் ஊற்றினார் என்பது யாருக்கும் தெரியாது. இந்த என்ஜினில் ஆயில் கொள்ளளவே சுமார் 3 லிட்டர்தான், அதுவும் டீசல் புகைக்கரி கலக்கும் ஆயில். செயின் தேய்வதற்கு வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

செயின் எப்படி நீள்கிறது?

இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின்னும் அதைச் சுற்றி ஒரு புஷ்ஷும் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணியில் தேய்வது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்கும். ஆனால் வரிசையாக எல்லாக் கண்ணியிலும் அது சேரும்போது மில்லிமீட்டர் கணக்கில் வந்து நிற்கும். பழைய சைக்கிள் செயினைப் பல்சக்கரத்திலிருந்து விரலால் தூக்கினால் எழும்பி வருமே, அதே தேய்மானம்தான் இதுவும்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் கேமை இழுக்கும் பக்கம் செயின் எப்போதும் விறைப்பாக இருக்கும். திரும்பி வரும் பக்கம்தான் தளரும். அந்தப் பக்கத்தில் டென்ஷனர் என்ற தள்ளும் பாகம் உட்கார்ந்து, செயின் உரசி ஓடும் கைடு என்ற பட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலான என்ஜின்களில் டென்ஷனரைத் தள்ளுவது என்ஜின் ஆயிலின் அழுத்தம். கூடவே உள்ளே ஒரு ஸ்பிரிங்கும், சிலவற்றில் பின்னால் போகாதபடி பிடிக்கும் பற்களும் இருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டென்ஷனர் தளர்வை எடுத்துக்கொள்ளுமே தவிர, கேம் பின்தங்குவதைத் திருத்தாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செயினின் ஒரு கண்ணி 8 மி.மீ., கிராங்க் பல்சக்கரத்தில் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் ஒரு சுற்றுக்கு 144 மி.மீ. செயின் நகரும், அதாவது ஒரு டிகிரிக்கு 0.4 மி.மீ. இழுவைப் பக்கம் 40 கண்ணி, 320 மி.மீ. இருந்து, அது அரை சதவீதம் தேய்ந்திருந்தால் 1.6 மி.மீ. கூடியிருக்கும். கேம் 4 கிராங்க் டிகிரி பின்தங்கிவிடும். டென்ஷனர் நன்றாக இருந்தால் சத்தமே வராமல்கூட இது நடக்கலாம். அதே செயின் ஒரு பல் தாவிவிட்டால் வித்தியாசம் 20 டிகிரி. இந்த 4, 20 என்ற இரண்டு எண்களையும் மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

சரி, இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

காலையில் மட்டும் "கரகர" சத்தம், இரண்டு மூன்று விநாடியில் நின்றுவிடுகிறது

அடிக்கடி வரும் புகார் இது. இரவு முழுக்க நின்ற வண்டியில் டென்ஷனருக்குள் இருந்த ஆயில் வடிந்திருக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பம்ப் மறுபடி நிரப்பும்வரை செயின் கைடில் அடிக்கும். அரை விநாடி, ஒரு விநாடி கேட்டு நின்றால் பல என்ஜின்களில் அது சாதாரணம். அது நீண்டுகொண்டே போனால் கவனிக்க வேண்டும்.

செயினைச் சந்தேகப்படும் முன் ஆயிலைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால் திருப்பத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் பம்ப் காற்றை இழுக்கும். டென்ஷனருக்குப் போவது நுரைதான். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். டீசல் வண்டியில் நீங்கள் ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தால், ஆயிலில் டீசல் கலக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் சரிசெய்யாமல் செயினைத் தொடுவதில் பயனில்லை.

அடுத்து ஃபில்டர். நல்ல ஆயில் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. என்ஜின் நின்றபின் ஆயில் பின்னால் வடியாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. மலிவான போலி ஃபில்டர்களில் அந்த வால்வு இருக்காது, அல்லது சில மாதத்தில் இறுகிப்போகும். ஆயில் மாற்றிய சில நாளிலேயே காலைச் சத்தம் தொடங்கியது என்றால் நான் முதலில் கேட்பது "எந்த ஃபில்டர் போட்டீர்கள்?" என்பதைத்தான். ஆயிலின் தடிமனும் அப்படியே. கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்க, "பழைய என்ஜினுக்குக் கெட்டி ஆயில் நல்லது" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால், அது குளிர்ந்த என்ஜினில் டென்ஷனருக்குப் போய்ச் சேரவே தாமதமாகும். சத்தத்தை அடக்க ஊற்றியதே சத்தத்தைக் கூட்டிவிடும்.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, பெல்ட்டும் ஃபேனும் தொடாத இடத்தில் செயின் கவர் பக்கமாக வையுங்கள். ஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் என்ஜினை அணைத்து இருபது நிமிஷம் கழித்து அதையே மறுபடி செய்யுங்கள். காலையில் மட்டும் சத்தம், இருபது நிமிஷத்துக்குப் பின் சத்தமில்லை என்றால் ஆயில் வடிகிறது. ஃபில்டரையும் டென்ஷனரையும் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே சத்தம் என்றால் டென்ஷனர் ஆயிலைப் பிடிப்பதே இல்லை, அல்லது தளர்வு டென்ஷனரின் எல்லையைத் தாண்டிவிட்டது. முதல் ஒலிப்பதிவை அழித்துவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால், சத்தம் நீள்கிறதா இல்லையா என்று சந்தேகமில்லாமல் தெரியும். நினைவில் வைத்துச் சொல்லும் "முன்னைவிட அதிகம்" என்பதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

வால்வ் டைமிங்கை மாற்றும் விவிடி வசதி உள்ள பெட்ரோல் வண்டியில் இன்னொரு ஆளும் இருக்கிறார். கேமின் முனையில், அதை முன்னும் பின்னும் திருப்பும் ஃபேஸர் இருக்கிறது. அதில் ஒரு பூட்டுப் பின் உண்டு. அந்தப் பின் தேய்ந்தாலும் ஸ்டார்ட் செய்ததும் ஒரு விநாடி "கர்ர்" என்று மேலிருந்து ஒலிக்கும். செயின் சத்தம் பக்கவாட்டில் கவர் முழுக்கப் பரவிக் கேட்கும். ஃபேஸர் சத்தம் என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் ஒரு மூலையில் குவிந்து கேட்கும்.

சரியான ஆயில், நல்ல ஃபில்டர் போட்டபின்னும் சத்தம் குறையவில்லை, நாளாக ஆகக் கூடுகிறது என்றால் டென்ஷனரைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் முந்தைய தலைமுறை டிஎஸ்ஐ பெட்ரோல் என்ஜின்களே சாட்சி. ஸ்கோடா லாரா, சூப்பர்ப் 1.8 வண்டிகளில் இருந்தது இந்த வகை. அவற்றின் பழைய டென்ஷனரில் பிடிப்புப் பற்கள் நழுவி, ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் விநாடியிலேயே செயின் தாவிப்போனது உண்டு. பின்னால் டென்ஷனரின் வடிவமே மாற்றப்பட்டது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்குக் காலைச் சத்தம் என்பது பொறுத்துப் பார்க்கும் விஷயமே இல்லை.

என்ஜின் சூடான பிறகும் சத்தம் இருக்கிறது

இது வேறு கதை. ஆயில் அழுத்தம் வந்தபின்னும் செயின் அடிக்கிறது என்றால், டென்ஷனர் முழுதாக நீண்டும் எட்டவில்லை, அல்லது கைடு உடைந்திருக்கிறது, அல்லது சத்தம் செயினுடையதே இல்லை. மூன்றாவதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் வீண்செலவு அதிகம் நடப்பது இங்கேதான்.

வண்டி நின்றபடியே மெதுவாக ரேஸ் கொடுத்து 2000 ஆர்பிஎம் வரை ஏற்றி, ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுங்கள். விட்டு இறங்கும் நேரத்தில் செயினின் விறைப்பு மாறும். தளர்ந்த செயின் அப்போதுதான் கவரை உரசி "சர்ர்" என்று ஒலிக்கும். ரேஸ் ஏற ஏறத் தட்டும் சத்தம் கனமாகி, வண்டி சுமை இழுக்கும்போது கூடினால் அது கனெக்டிங் ராட் பேரிங்காக இருக்கலாம். அப்போது என்ஜினை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, என்ஜினை அணைத்துவிட்டு ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிஷத்துக்கு மேல் போகாமல் ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டால் ஆல்டர்நேட்டர் புல்லி, ஐட்லர், ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்றுதான். செயின் தப்பித்தது. இந்த ஒரு சோதனை பல செயின்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சத்தம் அப்படியே இருந்தால் நீளமான ஸ்க்ரூடிரைவரையோ மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பையோ எடுத்து ஒவ்வொரு இடமாக வையுங்கள். சட்டைக் கை தொங்காமல் மடித்துக்கொள்ளுங்கள். செயின் கவரின் நடு, டென்ஷனர் இருக்கும் பக்கம், டேப்பட் கவர், பிறகு மறுமுனையில் வேக்குவம் பம்ப் என்று வரிசையாகப் போங்கள். வேக்குவம் பம்ப்பும் ஹை பிரஷர் பம்ப்பும் தேய்ந்தால் செயின் மாதிரியே சத்தம் போடும். டீசலில் இன்ஜெக்டரும் உண்டு. ஒவ்வொரு சிலிண்டராக ஸ்கேனர் வழியாக இன்ஜெக்டரை நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தும்போது சத்தம் போகிறதோ அந்தச் சிலிண்டரில்தான் விஷயம் இருக்கிறது. செயின் சத்தம் எந்த ஒரு சிலிண்டரை நிறுத்தினாலும் போகாது. ஓடும் என்ஜினில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கையால் பிடுங்க வேண்டாம். சில வகைகளில் அங்கே உயர் மின்னழுத்தம் இருக்கும்.

ஹைட்ராலிக் டேப்பட்டின் "டிக் டிக்" சீராக, கேமின் வேகத்தில் வரும். செயின் சத்தத்துக்கு அந்தச் சீர் இருக்காது. கொஞ்சம் தாறுமாறாகவே வரும்.

சூடான என்ஜின் ஐடிலில் மட்டும் கரகரத்து, லேசாக ரேஸ் கொடுத்தால் நின்றுவிட்டால் ஆயில் அழுத்தத்தை அளக்காமல் விடாதீர்கள். பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் கேஜ் பொருத்தி, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லை என்பதால் அழுத்தம் சரி என்று ஆகிவிடாது. அந்த விளக்கு அழுத்தம் மிகவும் விழுந்தபிறகுதான் எரியும். பம்ப் தேய்ந்திருக்கும்போது புது டென்ஷனர் போட்டால் அதுவும் சில நாளில் அதே சத்தம் போடும்.

என்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் கேம், கிராங்க் கோட் வருகிறது

பி0016 என்றால் கிராங்கும் கேமும் இருக்க வேண்டிய இசைவில் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. பி0017 அதையே எக்ஸாஸ்ட் கேமுக்குச் சொல்கிறது. பி0011 கேம் முன்னே போயிருக்கிறது, பி0012 பின்னே தங்கியிருக்கிறது. பி0340 கேம் சென்சார் சிக்னல், பி0335 கிராங்க் சென்சார் சிக்னல். இவற்றில் எதுவும் "செயினை மாற்று" என்று சொல்லவில்லை.

ஃபால்ட் கோட் நம்பரை அழிக்கும் முன் அதோடு சேமித்திருக்கும் விவரத்தை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன ஆர்பிஎம், எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம். சூடான ஐடிலில் வந்ததா, குளிர்ந்த ஸ்டார்ட்டில் வந்ததா என்பதே பாதி பதில். அழித்துவிட்டால் அந்தப் பதிலும் போய்விடும். சமீபத்தில் கிளட்ச் வேலையோ சென்சார் மாற்றலோ நடந்ததா என்றும் கேளுங்கள். பிளைவீலில் உள்ள சென்சார் வளையம் அடிபட்டாலும், மலிவான மாற்று சென்சார் போட்டாலும் பி0016 வரும்.

இப்போது முன்பு போட்ட கணக்கு உதவிக்கு வருகிறது. இழுவைப் பக்கம் செயின் நீண்டால் கேம் பின்தங்கத்தான் முடியும், முன்னே போக முடியாது. ஆகவே பி0011 மட்டும் தனியாக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபேஸருக்குப் போகும் ஆயிலைத் திறந்து மூடும் மின்வால்வான விவிடி சோலினாய்டையும் அழுக்கு ஆயிலையும்தான். சோலினாய்டின் வலைத்துணுக்கில் கசடு அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடும். இரண்டு கேமையும் ஒரே செயின் ஓட்டும் என்ஜினில் இன்னொரு அருமையான தடயம் உண்டு. இரண்டு கேமும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு பின்தங்கினால் செயின். ஒரு கேம் மட்டும் விலகி, இன்னொன்று சரியாக இருந்தால் அந்தக் கேமின் ஃபேஸரோ சோலினாய்டோ சென்சாரோதான். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் கம்ப்யூட்டர் கேட்ட கோணம், கேமுக்குக் கிடைத்த கோணம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரு ஸ்பானர் தொட வேண்டாம். 1.3 மல்டிஜெட்டில் விவிடி கிடையாது, ஆகவே அங்கே சென்சார், வயரிங், செயின் மூன்றுக்குள்தான் தேட வேண்டும்.

உறுதியாகச் சொல்வது, சென்சார் சிக்னலை அலைக்கோடாகத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப். கிராங்க் சென்சார், கேம் சென்சார் சிக்னல் இரண்டையும் ஒரே திரையில் எடுத்து, அதே என்ஜினின் நல்ல வண்டியில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பல என்ஜின்களில் கிராங்க் சென்சார் சக்கரம் 60 பல்லுக்கு இடம் விட்டு 2 பல் குறைவாக, 58 பல்லோடு இருக்கும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. கேம் சிக்னலின் விளிம்பு ஒரு பல்லுக்குள் நகர்ந்திருந்தால் அது நீண்ட செயின்: நம் கணக்கின் 4 டிகிரி. மூன்று பல்லுக்கு மேல் நகர்ந்திருந்தால் செயின் தாவியிருக்கிறது: அந்த 20 டிகிரி. நம் ஊரில் நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பலரிடம் இரண்டு சேனல் ஸ்கோப் இருக்கிறது. என்ஜினைத் திறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமேயில்லை. செயின் சந்தேகம் என்றால் இதைச் செய்யாமல் திறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சத்தமில்லை, ஆனால் பிக்கப் இல்லை, மைலேஜ் இறங்கிவிட்டது

இந்த அறிகுறிக்கு நூறு காரணம் உண்டு: டர்போ ஹோஸ், இஜிஆர், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர். செயின் பட்டியலின் கடைசியில்தான் வரும். ஆனால் மற்றதெல்லாம் சரி என்றானபின் ஒரு ஜோடிச் சோதனை மிகத் தெளிவாகப் பேசும். முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு என்றால் அது ரிங்கோ வால்வோ, செயின் இல்லை. எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி குறைவு என்றால் அடுத்து லீக்டவுன் சோதனை, அதாவது பிஸ்டனை மேலே நிறுத்திக் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. கம்ப்ரெஷன் குறைவு, ஆனால் கசிவும் இல்லை என்றால் வால்வுகள் நன்றாக மூடுகின்றன, தப்பான நேரத்தில் மூடுகின்றன. அது டைமிங்தான்.

ஆயிலில் துணுக்குகள்

ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் துணி வழியாக வடிகட்டுங்கள். பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் கெட்டியான பிளாஸ்டிக் துண்டுகள் வந்தால் அது பெரும்பாலும் செயின் கைடின் முகப்பு. இதற்கு மேல் சத்தத்தையோ ஃபால்ட் கோட் நம்பரையோ எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உடைந்த துண்டு, என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பில் இருக்கும் ஆயில் பம்ப் வலையை அடைத்தால் செயினோடு சேர்த்து பேரிங்கும் போகும். கவரைத் திறக்கும்போது சம்பையும் கழற்றி வலையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றுவிட்டது

மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒருமுறை செல்ஃப் அடித்தபோது வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல், சுமையே இல்லாததுபோல் "விர்ர்" என்று ஒரே சீராகச் சுற்றியது என்றால் கம்ப்ரெஷன் இல்லை. செயின் தாவியிருக்கலாம், அறுந்திருக்கலாம். அதற்குப் பிறகு அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் இன்னொரு வால்வை வளைக்கக்கூடும்.

மல்டிஜெட்டில் இந்த நேரத்தில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. செயின் தாவினால் பல வண்டிகளில் முதலில் உடைவது, கேமுக்கும் வால்வுக்கும் இடையே இருக்கும் ராக்கர்கள். அவை உடைந்து விலகுவதால் வால்வும் பிஸ்டனும் தப்பிவிடுவது உண்டு. டேப்பட் கவரைத் திறந்து உடைந்த ராக்கரைப் பார்த்ததும் "ராக்கர் மட்டும் மாற்றினால் போதும்" என்று ஒரு யோசனை வரும். அதை ஏற்காதீர்கள். ராக்கர் தானாக உடைவதில்லை. உடைத்தது எது என்று பார்க்காமல் மூடினால் புது ராக்கரும் அதே வழியில்தான் போகும். ஹெட்டை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரிலும் லீக்டவுன் பார்த்தால் வால்வு வளைந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கவரைத் திறந்தபின்

கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால், என்ஜின் ஓடும் திசையில் மட்டும் திருப்புங்கள். பின்பக்கம் திருப்பினால் தளர்வு இழுவைப் பக்கம் போய் செயின் தாவக்கூடும். நல்ல செயினைக்கூட நாமே தாவவைத்துவிடுவோம். முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து பல்சக்கரக் குறிகளைப் பாருங்கள். நிறம் பூசிய கண்ணிகள் குறிக்கு நேரே இல்லை என்று பதற வேண்டாம். அவை செயினைப் பொருத்தும்போது மட்டும் உதவுபவை; ஒருமுறை என்ஜின் சுற்றிவிட்டால் பல சுற்றுக்கு ஒருதடவைதான் மறுபடி நேரே வரும். பார்க்க வேண்டியது பல்சக்கரக் குறிக்கும் ஹெட்டில் உள்ள குறிக்கும் இடையே உள்ள உறவை. மல்டிஜெட் போன்ற என்ஜின்களில் அதற்குரிய பூட்டும் பின்களைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கண்ணளவில் பார்ப்பது போதாது.

டென்ஷனர் பிஸ்டன் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதுதான் செயின் தேய்வின் நேரடி அளவு. கடைசிப் பல் வரை நீண்டிருந்தால் செயின் முடிந்துவிட்டது. பாதியில் இருந்தும் விரலால் அழுத்தும்போது மெத்தென்று உள்ளே போனால் டென்ஷனர்தான் பழுது. சில வகைகளில் ஆயில் இல்லாதபோது அப்படிப் போவது இயல்பு. ஆகவே புதியதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். கைடில் செயின் ஓடிய தடம் ஆழமான பள்ளமாக இருக்கிறதா, பல்சக்கரப் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் செயின், டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் எல்லாம் ஒரே செட்டாக. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதுச் செயின் வேகமாகத் தேயும். முறுக்கி நீளும் வகை கிராங்க் போல்ட் என்றால் அதுவும் புதிது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் போல செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் என்ஜினில் என்ஜினையே இறக்க வேண்டியிருப்பதால், பாதி வேலை செய்து மூடுவது இன்னும் பெரிய தப்பு. பொருத்தியபின் கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, எங்கும் முட்டவில்லை, குறிகள் திரும்ப நேரே வந்தன என்று பார்த்தபிறகே செல்ஃப்.

கழற்றிய பழைய செயினைக் கேட்டு வாங்குங்கள். துடைத்து, புதியதையும் அதையும் ஒரே ஆணியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டு அடிமுனைகளை ஒப்பிடுங்கள். பழையது சில மில்லிமீட்டர் இறங்கி நின்றால் கண்டுபிடிப்பு சரி. இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் செயின் தேயவில்லை. பழைய டென்ஷனரிலும் கைடிலும் குறை இருந்ததா என்று பாருங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால் ஆயில் அழுத்தத்தை இன்னொரு முறை அளக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.